சேசிஸுக்கு எந்தப் பூச்சு? டப்பாவைப் பார்க்குமுன் இரும்பைப் பாருங்கள்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன், ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பழைய ஸ்க்ரூடிரைவர். பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து ஏறுகிற இடத்தில் சேசிஸ், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டம், நல்ல கருப்பாகத்தான் தெரிந்தது. ரப்பர் மாதிரித் தடிமனான பூச்சு, இரண்டு வருடத்துக்கு முன்னால் காசு கொடுத்து அடித்தது. சும்மா முனையால் ஒரு குத்து குத்திப் பார்த்தேன். மரப்பட்டை உரிவதுபோல் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு அப்படியே கையோடு வந்துவிட்டது, பின்பக்கம் சொதசொதவென்று ஈரம், அதற்கு அடியில் இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்து முகத்திலேயே கொட்டியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பித்தது.

அடித்துக் கொடுத்தவர் மேல் அன்றைக்குச் சரியான கோபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் பாதித் தப்பு என்னுடையது. "லேசான துருதான், அதுமேலேயே அடித்துவிடலாமா?" என்று அவர் கேட்டபோது தலையாட்டியவன் நான். அதிலிருந்து, எந்தப் பூச்சு நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்கிறேன்: இரும்பு இப்போது எப்படி இருக்கிறது, அதை எந்த அளவுக்கு உங்களால் சுத்தம் செய்ய முடியும், வருடத்துக்கு ஒரு தடவை வண்டிக்கு அடியில் படுப்பீர்களா மாட்டீர்களா? இந்த மூன்றுக்கும் உண்மையாகப் பதில் சொன்னால் டப்பா தானாக முடிவாகிவிடும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். அப்புறம் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்துப்போன இடம் மொத்தென்று செத்த சத்தம் தரும், காது உடனே பழகிவிடும். தட்டும்போது துரு பொலபொலவென்று உதிர்ந்தால் அங்கே நின்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் இந்தக் கட்டுரை அந்த இடத்துக்குப் பொருந்தாது. வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள், ஓட்டையை எந்தப் பூச்சும் தாங்கிப் பிடிக்காது, பட்டி வைத்து மூடிக் கருப்படித்தால் அது அடுத்தவரை ஏமாற்றும் வேலை.

எங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்றால், சேறு தங்குகிற இடமெல்லாம்: பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட், பாடி உட்காரும் ரப்பர் மவுண்டைச் சுற்றி, குறுக்குச் சட்டம் வந்து சேரும் மூலை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தகடு வைத்து வெல்டு அடித்த இடம். அப்புறம் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகள். அவை சேற்றால் அடைத்திருந்தால் பெட்டி வடிவ சேசிஸுக்குள் மழைத் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும். கம்பி விட்டுக் குத்தி அடைப்பை எடுங்கள். இது இலவச வேலை, பல வண்டிகளில் இதுவே பாதி வைத்தியம்.

பூச்சு மூன்று விதமாகக் காப்பாற்றும்

துருப்பிடிக்க இரும்போடு தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர வேண்டும். உப்பு இருந்தால் வேகம் கூடும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருப்பிடிப்பதும் அடிப்படையில் ஒரு மின்வேதி வேலைதான். கடற்கரை ஓரம் ஓடும் வண்டியும் பனிக்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் ஓடும் வண்டியும் சீக்கிரம் அரிபடுவது இதனால்தான். இதைத் தடுக்க ஒரு வழி, தண்ணீரும் காற்றும் அண்டாமல் சுவர் எழுப்புவது: எபாக்சி, பாலியூரிதேன், பவுடர் கோட்டிங், சாதாரண கருப்பு எனாமல் எல்லாம் இந்த ரகம். இன்னொரு வழி, இரும்புக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் உலோகத்தைப் பூசுவது, அதாவது துத்தநாகம். மூன்றாவது, காயாமல் பிசுபிசுப்பாகவே இருந்து இடுக்கில் ஊர்ந்து தண்ணீரைத் தள்ளும் மெழுகு, லனோலின், எண்ணெய் வகை.

சுவர் ரகத்தின் பலவீனம் கீறல். ஒரு கல் தெறித்துக் குழி விழுந்தால் அங்கிருந்து துரு பூச்சுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் அது வளர வளர பூச்சை மேலே தூக்கி இன்னும் பிளக்கும். துத்தநாகத்துக்கு இந்தப் பிரச்சினை குறைவு, சின்னக் கீறல் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். பிசுபிசுப்பு ரகம் கீறினாலும் ஓரளவுக்குத் தானே பரவி மூடிக்கொள்ளும், ஆனால் கழுவக் கழுவக் கரையும்.

சரி, எதை எடுப்பது?

பாடியைக் கழற்றி, சேசிஸை மொட்டையாக வெளியே எடுத்து, காற்றழுத்தத்தில் மணல் அடித்து வெள்ளையாகச் சுத்தம் செய்ய முடிகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இரண்டு பாக எபாக்சி பிரைமர் (பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து அடிப்பது), அதன்மேல் இரண்டு பாக பாலியூரிதேன். எபாக்சி சுத்தமான இரும்பில் பிடிக்கிற பிடி வேறு எதற்கும் லேசில் வராது. வெயில் பட்டால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொடியும், அதனால்தான் மேலே பாலியூரிதேன். வண்டிக்கு அடியில் வெயில் அவ்வளவாகப் படாது என்பதால் எபாக்சியோடு நிறுத்துகிறவர்களும் உண்டு, தப்பில்லை, ஆனால் மோட்டார் சைக்கிள் சட்டகம் போல வெளியே தெரிகிற இடத்தில் அப்படி விடாதீர்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று டப்பாவில் போட்டிருப்பதை மதியுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் எபாக்சி கண்ணாடி மாதிரி இறுகிவிடும், மேலே வருவது ஒட்டாது, மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

உப்புக்காற்று, உப்புச் சாலை என்று இருப்பவர்கள் எபாக்சிக்குக் கீழே ஜிங்க் ரிச் பிரைமர் ஒரு கோட் சேர்க்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. டப்பாவில் ஜிங்க் என்ற வார்த்தை இருந்தாலே போதாது. துத்தநாகத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் இரும்பையும் தொட்டால்தான் அந்தத் தியாக வேலை நடக்கும். அதனால் ஐஎஸ்ஓ 12944 தரநிலை, ஜிங்க் ரிச் என்று சொல்லிக்கொள்ள உலர்ந்த படலத்தின் எடையில் குறைந்தது 80% துத்தநாகத் தூள் கேட்கிறது. ஜிங்க் பாஸ்பேட் என்று போட்டிருந்தால் அது வேறு சரக்கு, நல்ல பிரைமர்தான், ஆனால் இந்த வேலை செய்யாது. துருமேலோ பழைய பெயிண்ட்மேலோ ஜிங்க் ரிச் அடிப்பது வீண், அது இரும்பைத் தொடவே தொடாதே. இன்னொன்று, துத்தநாகத்தின் மேல் சாதாரண எனாமல் பெயிண்டை நேரடியாக அடிக்காதீர்கள். எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் துத்தநாகமும் சேர்ந்து இடையில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும், கொஞ்ச நாளில் பெயிண்ட் தாள்தாளாக உரியும். இடையில் எபாக்சி இருந்தால் தொல்லையில்லை.

மணல் அடிக்க வசதியில்லை, கிரைண்டரும் வயர் பிரஷும் மட்டும்தான், குழிகளில் துரு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் நிலைமை இதுதான். இதற்கென்று இருப்பது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் பாலியூரிதேன், துருமேல் அடிக்கிற பெயிண்ட் என்று விற்கப்படும் சில டப்பாக்களுக்குள் இருப்பது இதுதான், போர்-15 இந்த வகையில் பலருக்குத் தெரிந்த பெயர். சொரசொரப்பான, இறுகிய துருவில் இது கல்லாக ஒட்டும். வேடிக்கை என்னவென்றால் வழவழப்பான புது இரும்பிலும் பழைய பெயிண்டிலும்தான் இது ஒட்ட மறுத்துத் தகடாக உரியும், ஆகவே அங்கேயெல்லாம் முதலில் சொரசொரப்பாக்க வேண்டும். வெயில் ஆகாது, மேலே இன்னொரு பூச்சு வேண்டும். கையில் பட்டால் தோல் உதிர்கிறவரை போகாது. மூடியை அப்படியே மூடி வைத்தால் மறுநாள் உளிதான் எடுக்க வேண்டும், இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் வையுங்கள். தேவையானதை வேறு டப்பாவில் ஊற்றிக்கொண்டு மீதியை உடனே மூடிவிடுவது இன்னும் நல்லது.

துரு மாற்றி என்று ஒரு திரவம் விற்கிறார்களே, அதுவே பூச்சு என்று நினைத்துவிட வேண்டாம். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து அதைக் கருப்பாகவோ சாம்பலாகவோ ஆக்கி அமைதியாக்கும், அவ்வளவுதான். கனமான செதில் துருவுக்குள் அது இறங்கவே இறங்காது. மேலே மட்டும் கருப்பாகும், அடியில் பழைய கதை தொடரும். பாஸ்பாரிக் வகையைப் போட்டுவிட்டுச் சரியாகக் கழுவாமல் மேலே எபாக்சி அடித்தால் மிச்சமிருக்கும் அமிலம் ஹார்டனரைக் கெடுத்து, எபாக்சி சரியாக இறுகாது. எபாக்சி டப்பாவின் குறிப்பில் சம்மதம் இருந்தால் மட்டும் இரண்டையும் சேருங்கள்.

பவுடர் கோட்டிங் மோட்டார் சைக்கிள் சட்டகத்துக்கு அருமை. பெரிய சேசிஸுக்கு எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. பெயிண்ட் பவுடரை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள், ஆனால் ஆழமான மூலைகளுக்குள் பவுடர் போக மறுக்கும், பெட்டிக்கு உள்பக்கம் சுத்தமாகப் போகாது, ஒரு இடத்தில் உடைந்தால் அங்கே மட்டும் சரிசெய்வதும் கஷ்டம். செய்வதாக இருந்தால் கீழே ஜிங்க் பிரைமர் கேளுங்கள்.

சூடான துத்தநாகத் தொட்டியில் முக்குவது, அதாவது ஹாட் டிப் கால்வனைசிங், ஆயுளில் ராஜா. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகம் உள்ளே வெளியே எல்லா இடத்துக்கும் போய் இரும்போடு கலந்தே ஒட்டிவிடும். 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் இரும்புக்குச் சராசரியாக 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துத்தநாகம் வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 1461 தரநிலை. ஆனால் அந்தச் சூட்டில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளலாம், காற்றுப்போக ஓட்டையில்லாத மூடிய குழாய் தொட்டிக்குள் வெடிக்கலாம், அதிவலுவான எஃகுக்கு, முக்குமுன் செய்யும் அமிலக் கழுவலே ஆபத்து. வண்டித் தயாரிப்பாளரின் விவரம் தெரியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். டிரெய்லர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

தாரும் ரப்பரும் கலந்த அண்டர்கோட்டிங் பற்றி நான் என்ன சொல்வேன் என்று மேலே படித்தபோதே புரிந்திருக்கும். சத்தம் குறையும், கல்லடி தாங்கும், சுத்தமான பெயிண்ட் மேல் அடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் வயதானால் இறுகி வெடிக்கும், வெடிப்பு வழியே நுழைந்த தண்ணீர் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே தங்கும். கெடுவது வெளியே தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

கடைசியாக மெழுகும் லனோலினும். லனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. தினம் ஓடுகிற, கழற்ற முடியாத, அங்கங்கே துரு ஆரம்பித்துவிட்ட பழைய வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். உதிர்வதைச் சுரண்டிவிட்டு, கழுவி, நன்றாகக் காயவைத்துத் தெளித்தால் போதும், பெரிய ஆயத்தம் எதுவும் கேட்காது. விலை என்னவென்றால் வருடா வருடம் மறுபடி அடிக்க வேண்டும், கை வைத்தால் அழுக்காகும். பெட்ரோலிய எண்ணெய் கலந்ததாக இருந்தால் ரப்பர் புஷ்ஷில் படாமல் பாருங்கள், ரப்பர் ஊதிவிடும். அப்புறம், ஒருமுறை மெழுகு போட்ட இடத்தில் பின்னாளில் பெயிண்ட் அடிக்க நினைத்தால் ஒட்டவைக்க உயிர் போய்விடும். பெயிண்ட் என்றால் முதலில் பெயிண்ட், மெழுகு அதற்கு மேலே.

வெளியே எதை அடித்தாலும் சரி, சேசிஸின் உள்பக்கத்துக்கு மெழுகு கட்டாயம். கேவிட்டி வாக்ஸ் என்று கேளுங்கள், நீண்ட மெல்லிய குழாயும் அதன் நுனியில் சுற்றிலும் தெளிக்கும் மூக்கும் வரும். ஓட்டை வழியாகக் குழாயைக் கடைசிவரை விட்டு, தெளித்துக்கொண்டே மெதுவாக இழுங்கள். வடிகால் ஓட்டையில் சொட்ட ஆரம்பித்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டி முடித்ததும் ஓட்டையை மறுபடி குத்திவிடுங்கள்.

விளம்பரத்தில் இத்தனை மணி நேரம் உப்புத் தெளிப்புச் சோதனை தாங்கியது என்று போட்டிருப்பார்கள். ஏஎஸ்டிஎம் பி117 என்ற அந்தச் சோதனையில் 5% உப்புக் கரைசலை 35 டிகிரியில் நிறுத்தாமல் தெளிக்கிறார்கள். உங்கள் வண்டி நனையும், காயும், வெயிலில் வேகும், கல்லடி வாங்கும். அந்த மணிக்கணக்கை வருடக்கணக்காக மாற்ற எந்தச் சூத்திரமும் இல்லை, ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் வேலை

ஆரம்பத்திலேயே கழுவி எண்ணெயைப் போக்குங்கள், தேய்ப்பது அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து கிரீஸை இரும்புக்குள்ளேயே அரைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். வயர் பிரஷ் மட்டும் வைத்துத் தேய்த்தால் துரு போகாமல் பாலிஷ் ஆகிப் பளபளக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, கடைசியில் முரட்டு உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். மணல் அடிக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் எஸ்ஏ 2½ தரத்துக்கு, அதாவது துருவும் பழைய பெயிண்டும் ஏறக்குறைய முழுக்கப் போகும்படி, வேண்டும் என்று சொல்லுங்கள், அந்தத் தொழில் செய்கிறவர்களுக்குப் புரியும். அடித்து முடித்த இரும்பு பச்சைப்பிள்ளை மாதிரி, ஈரக்காற்றில் சில மணி நேரத்தில் ஆரஞ்சு நிறம் தட்டிவிடும், அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வை உப்பு விரல்ரேகையோடு துருவாக எழும்பும்.

காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எபாக்சி வேலையைத் தள்ளிப்போடுங்கள். இரும்பின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் பிரஷ்ஷை எடுத்து விளிம்பு, வெல்டு, போல்ட் தலை, மூலை இவற்றுக்கு மட்டும் ஒரு கை அடியுங்கள். பெயிண்ட் காயும்போது கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கி அங்கே மெலிந்துவிடும், துரு எப்போதும் விளிம்பில் ஆரம்பிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கூர்மையை முன்னாலேயே கொஞ்சம் மழுக்கிவிட்டால் இன்னும் நல்லது. அப்புறம் முழுக்க இரண்டு கோட், ஒன்று சாம்பல் என்றால் அடுத்தது கருப்பு. ஒரே நிறத்தில் அடித்தால் விட்டுப்போன இடம் தெரியவே தெரியாது. எபாக்சி என்றால் காய்ந்தபின் மொத்தம் 150 முதல் 200 மைக்ரான் வரட்டும், ஒரு தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு என்று புரியும். ஈரமாக எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது சுலபக் கணக்கு: டப்பாவில் திடப்பொருள் கன அளவில் 60% என்றிருந்தால், காய்ந்து 100 மைக்ரான் வர ஈரத்தில் சுமார் 167 மைக்ரான் வேண்டும். தின்னர் ஊற்ற ஊற்ற இது இன்னும் கூடும், ஒரே அடியில் தடிமனாக ஏற்றினாலோ வழியும், உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு குமிழ் விடும்.

இரண்டு பாக பாலியூரிதேனிலும் ஈரத்தில் இறுகும் வகையிலும் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் ஆபத்தான ரசாயனம் இருக்கிறது. துணி முகமூடி இதற்கு ஆகாது. ஸ்ப்ரே அடிப்பதென்றால் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம் வேண்டும், அது இல்லையென்றால் திறந்த வெளியில், ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகக்கவசத்தோடு பிரஷ்ஷால் அடியுங்கள். ஒருமுறை இதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் இந்த வகைப் பெயிண்ட் பக்கம் போக முடியாது. பழைய வண்டியின் பெயிண்டில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம், அதைத் தேய்க்கும்போது எழும் தூசியும் லேசுப்பட்டதல்ல.

எங்கே அடிக்கக் கூடாது என்பதும் முக்கியம்: சைலன்ஸர், பிரேக் டிஸ்க், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், சென்சார், போல்ட் மரை. எர்த் வயர் சேசிஸைத் தொடும் இடத்தை டேப் ஒட்டி மறையுங்கள், இல்லையென்றால் விளக்கு மினுக்குவதற்குக் காரணம் தேடி அலைவீர்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரே வைக்காதீர்கள், தடிமனாகப் பூசி மறைக்கவும் வேண்டாம். கையால் மெதுவாகச் சுத்தம் செய்து, மெல்லிய தெளிந்த மெழுகு போட்டால் எண்ணைப் படிக்கலாம், துருவும் வராது.

எபாக்சி தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், முழுக்க இறுக 25 டிகிரியில் சுமார் 7 நாள் ஆகும், அதுவரை சேற்றில் இறக்காதீர்கள். பிறகு முதல் மழைக்காலம் முடிந்ததும் அதே டார்ச், அதே ஸ்க்ரூடிரைவர். கல் தெறித்த இடம் கண்ணில் பட்டால் அன்றே தேய்த்து, ஒரு சின்னப் பிரஷ்ஷால் மூடிவிட்டால் அரை மணி நேர வேலை. எந்த டப்பா, எந்தத் தேதி, எத்தனை கோட் என்று வண்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மேலே ஒரு கை அடிக்கப் போகிறவர் நீங்களாகவே இருந்தாலும் கீழே இருப்பது எபாக்சியா எனாமலா என்று ஞாபகம் இருக்காது, எனாமல் மேல் எபாக்சியை ஏற்றினால் அதன் கரைப்பானே கீழே இருப்பதைச் சுருக்கித் தூக்கிவிடும்.